ஜோகூரில் மலிவா, இங்கேயே மலிவா? மூத்தோர் பராமரிப்புச் செலவைக் கணக்குப் பார்ப்பது எப்படி

"ஜோகூரில் நல்ல இல்லம் ஒன்று இருக்கிறதாம். மாதம் மூவாயிரம்தான். வெள்ளி இல்லை, ரிங்கிட்."

இப்படி ஒரு பேச்சு உங்கள் வீட்டிலும் எழுந்திருக்கலாம். மகனோ மகளோ உங்களிடம் நேரில் சொல்லியிருக்கலாம். அடுத்த அறையில் அவர்கள் பேசியது உங்கள் காதில் விழுந்திருக்கலாம். கணவரையோ மனைவியையோ பல ஆண்டுகளாகக் கவனித்துக் களைத்துப்போன நீங்களே இதை யோசித்திருக்கவும் கூடும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அந்தக் கரையில் பல பொருள்களும் சேவைகளும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பராமரிப்பும் அப்படித்தானே இருக்கும் என்று எண்ணுவது இயல்பு.

ஜோகூருக்குப் போகலாமா, கூடாதா என்பதை இந்தக் கையேடு சொல்லப்போவதில்லை. அது உங்கள் குடும்பத்தின் முடிவு. முடிவெடுக்குமுன் கணக்கைச் சரியாகப் போட உதவுவதே எங்கள் நோக்கம். இல்லம் கேட்கும் கட்டணம் வேறு, மானியமும் காப்புறுதியும் போக உங்கள் குடும்பத்தின் கையிலிருந்து உண்மையில் போகும் பணம் வேறு. பல குடும்பங்கள் சிங்கப்பூரின் முழுக் கட்டணத்தை ஜோகூரின் முழுக் கட்டணத்துடன் ஒப்பிட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டத் தொடங்கிவிடுகின்றன.

ஒரே பாட்டி, இரண்டு கணக்குகள்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இதில் வரும் தொகைகள் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் தொகை வேறாக இருக்கும்.

82 வயதுப் பாட்டி ஒருவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. குளிக்க, உடுத்த, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற மற்றவர் உதவி வேண்டும். அவர் மகன், மருமகள், பள்ளிக்குப் போகும் இரண்டு பேரப்பிள்ளைகளுடன் வசிக்கிறார். வீட்டின் மொத்த மாத வருமானம் 4,000 வெள்ளி. ஐந்து பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 800 வெள்ளி. சிங்கப்பூரில் தாதிமை இல்ல மானியம் இந்த 'ஆளுக்கு எவ்வளவு' என்ற எண்ணைப் பார்த்தே முடிவாகிறது. வருமானமே இல்லாத வீடாக இருந்தால், வீட்டின் ஆண்டு மதிப்பைப் பார்ப்பார்கள்.

குறைந்த வருமானமுள்ள குடியுரிமை பெற்றவர்களுக்குக் கட்டணத்தில் பெரும் பங்கு மானியமாகக் கிடைக்கும். பாட்டிக்கு முக்கால் பங்கு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இல்லத்தின் முழுக் கட்டணம் 3,000 வெள்ளி என்றால், குடும்பம் கட்ட வேண்டியது 750 வெள்ளி.

ஜோகூர் பாருவில் அவர்கள் பார்த்த இல்லம் 3,000 ரிங்கிட் கேட்கிறது. டயப்பர், பால்மாவு, மருத்துவர் வருகை ஆகியவற்றுக்குத் தனியாக 600 ரிங்கிட். மொத்தம் 3,600. ஒரு வெள்ளிக்கு 3.25 ரிங்கிட் என்று கணக்கிட்டால் சுமார் 1,108 வெள்ளி. மலிவு என்று நினைத்த இடம் மாதம் 350 வெள்ளிக்கு மேல் கூடுதலாக வருகிறது. இங்குள்ள இல்லத்திலும் டயப்பர் போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். அதையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் இடைவெளி அவ்வளவு எளிதில் மறைந்துவிடாது.

இப்போது அதே பாட்டி மகள் வீட்டில் வசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகளும் மருமகனும் வேலை செய்கிறார்கள், பிள்ளைகள் இல்லை. வருமானம் 9,000 வெள்ளி, வீட்டில் மூன்று பேர், ஆளுக்கு 3,000 வெள்ளி. மானியம் வெகுவாகக் குறையும். ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கிறது என்றால், இங்கே கட்ட வேண்டியது 2,400 வெள்ளி. ஜோகூரில் அதே 1,108 வெள்ளி. இந்தக் குடும்பத்துக்கு ஜோகூர் உண்மையிலேயே மலிவு, மாதம் ஏறக்குறைய 1,300 வெள்ளி குறைவு. பொய் சொல்வதில் பயனில்லை.

பாட்டியும் மாறவில்லை, இல்லங்களும் மாறவில்லை. மாறியது அவர் யாருடன் வசிக்கிறார் என்பது மட்டுமே. ஆகவே அண்டைவீட்டுக்காரர் தம் தாயை ஜோகூரில் வைத்துப் பணம் மிச்சப்படுத்தினார் என்பது உங்கள் குடும்பத்துக்கு எதையும் நிரூபிக்காது. (இதைப் படித்துவிட்டு, அடையாள அட்டையில் முகவரியை மட்டும் மாற்றிவிடலாமே என்று யாரும் யோசிக்க வேண்டாம். உண்மையில் வசிக்கும் இடமே முகவரியாக இருக்க வேண்டும்.)

நாணய மாற்று விகிதத்தையும் மறக்க வேண்டாம். 2010ஆம் ஆண்டு வாக்கில் ஒரு வெள்ளிக்கு இரண்டரை ரிங்கிட்கூடக் கிடைக்கவில்லை. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூன்றரையைத் தொட்டது. அதே 3,600 ரிங்கிட், ஒரு விகிதத்தில் 1,440 வெள்ளி, இன்னொன்றில் 1,029 வெள்ளி. பராமரிப்பு ஓரிரு மாதத்தில் முடிவதில்லை. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு நீடிக்கலாம். இன்றைய விகிதத்தை மட்டும் நம்பி நீண்டகாலத் திட்டம் போடுவது ஆபத்து.

எந்தப் பணம் உங்களுடன் வரும், எது கடற்பாலத்தோடு நின்றுவிடும்?

மேற்சொன்ன தாதிமை இல்ல மானியம் சிங்கப்பூரில் அரசாங்க ஆதரவு பெற்ற இல்லங்களுக்கு உரியது. ஜோகூரில் இருக்கும் இல்லத்துக்கு அது இப்போது கிடைப்பதில்லை. பகல்நேரப் பராமரிப்பு நிலையம், வீட்டுக்கு வந்து செய்யும் தாதிமைச் சேவை, பலதுறை மருந்தகம் ஆகியவற்றில் உங்களுக்குக் கிடைக்கும் கட்டணக் கழிவுகளும் இங்கே பயன்படுத்தினால்தான் உண்டு. மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி வெளிநாட்டு மருத்துவமனைச் செலவை ஏற்பதில்லை.

மெடிசேவ் சேமிப்பில் ஒரு விதிவிலக்கு உண்டு. 2010ஆம் ஆண்டு முதல், மலேசியாவில் குறிப்பிட்ட சில தனியார் மருத்துவமனைகளில், இங்கிருந்து முறையான பரிந்துரையுடன் சென்றால், தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் நாள் அறுவை சிகிச்சைக்கும் மெடிசேவைப் பயன்படுத்த வழி செய்யப்பட்டது. இதைக் கேட்டுவிட்டுச் சிலர், 'மெடிசேவ்தான் மலேசியாவிலும் செல்லுமே' என்று நினைக்கிறார்கள். மருத்துவமனைச் சிகிச்சை வேறு, இல்லத்தில் தங்கும் மாதக் கட்டணம் வேறு. இரண்டாவதற்கு அது பொருந்தாது.

உங்களுடன் கூடவே வரும் பணமும் இருக்கிறது. கேர்ஷீல்டு லைஃப், எல்டர்ஷீல்டு ஆகியவை கடுமையான உடற்குறை ஏற்பட்டால் கையில் ரொக்கமாக மாதத் தொகை தரும் காப்புறுதித் திட்டங்கள். குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிப்பறைக்குச் செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் என்ற ஆறில் மூன்றையாவது மற்றவர் உதவியின்றிச் செய்ய முடியாதவர்களுக்கு இது கிடைக்கும். ரொக்கம் என்பதால் அதை எதற்குச் செலவிடுவது என்பது உங்கள் விருப்பம்.

எல்டர்ஷீல்டு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இதை வாசிக்கும் பலரிடம் அது இருக்கக்கூடும், இருப்பது நினைவில் இல்லாமலும் போயிருக்கலாம். இத்திட்டம் 2002ஆம் ஆண்டு தொடங்கியது. அப்போது 40 முதல் 69 வயது வரை இருந்த, மெடிசேவ் கணக்கு வைத்திருந்தவர்கள் தாமாக விலகிக்கொள்ளாவிட்டால் இயல்பாகவே சேர்க்கப்பட்டார்கள். சந்தா மெடிசேவிலிருந்து கழிந்தது, பெரும்பாலோருக்கு 65 வயதோடு நின்றுபோனது. பணம் கட்டுவது நின்று பல ஆண்டுகள் ஆகியிருக்கும். கடிதங்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் காப்புறுதி நீடிக்கிறது. தொடக்கத் திட்டத்தில் மாதம் 300 வெள்ளி, 60 மாதங்களுக்குக் கிடைக்கும். 2007ஆம் ஆண்டில் வந்த மேம்பட்ட திட்டத்தில் மாதம் 400 வெள்ளி, 72 மாதங்களுக்குக் கிடைக்கும். முதலாவது மொத்தம் 18,000 வெள்ளி, இரண்டாவது 28,800 வெள்ளி. கேட்டு விண்ணப்பிக்காதவருக்கு அது வராது.

கேர்ஷீல்டு லைஃப் 2020ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கியது. அதற்கு முந்திய தலைமுறையினர், ஏற்கெனவே கடுமையான உடற்குறை இல்லாதிருந்தால், 2021ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து விரும்பிச் சேர முடிந்தது. அதில் தொகை மாதம் 600 வெள்ளியில் தொடங்கி ஆண்டுதோறும் உயர்ந்து வந்திருக்கிறது. உடற்குறை நீடிக்கும்வரை, ஆயுள் முழுவதும்கூடக் கிடைக்கும். வெளிநாட்டில் வசித்தாலும் காப்புறுதி செல்லும். ஆனால் உடற்குறையை மதிப்பிடும் மருத்துவப் பரிசோதனையை இங்கே இருக்கும்போதே முடித்துவிடுவது சுலபம். ஜோகூர் சென்றபின் படுக்கையில் இருக்கும் ஒருவரை அதற்காக மட்டும் அழைத்து வருவது எல்லாருக்கும் சிரமம்.

நம் எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். பாட்டிக்கு எல்டர்ஷீல்டு 300 வெள்ளி கிடைத்தால், மகன் குடும்பம் இங்கே கட்டுவது 450 வெள்ளி, ஜோகூரில் கட்டுவது 808 வெள்ளி. மகள் குடும்பம் இங்கே கட்டுவது 2,100 வெள்ளி, அங்கே 808 வெள்ளி. காப்புறுதித் தொகை இரு பக்கமும் ஒரே அளவில் குறைக்கிறது. வேறுபாட்டைத் தீர்மானிப்பது மானியம்தான்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு

ஜோகூரா, சிங்கப்பூரா என்று கேட்கும்போது, வீட்டிலேயே இருப்பது என்ற வழி பேச்சிலிருந்து காணாமல் போய்விடுகிறது. அதையும் எண்ணிக்கையில் எழுதிப் பாருங்கள்.

வீட்டில் இருப்பவருக்கு, மேலே சொன்ன ஆறில் மூன்று செயல்களுக்காவது எப்போதும் ஓரளவு உதவி தேவைப்பட்டால், வீட்டுப் பராமரிப்பாளர் மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2019ஆம் ஆண்டு அது மாதம் 200 வெள்ளியாக அறிமுகமானது. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் 400 வெள்ளி வரை உயர்ந்தது. 2026ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 600 வெள்ளி வரை. இதற்கும் குடும்ப வருமான வரம்பு உண்டு. தாதிமை இல்லத்தில் தங்குபவருக்கு இது கிடைக்காது, அந்த இல்லம் எந்த நாட்டில் இருந்தாலும் சரி.

கடுமையான உடற்குறை உள்ளவர் தம்முடைய அல்லது தம் துணைவரின் மெடிசேவிலிருந்து மாதம் 200 வெள்ளி வரை பராமரிப்புச் செலவுக்காக ரொக்கமாக எடுக்கவும் வழி உண்டு. கணக்கில் போதிய இருப்பு இருக்க வேண்டும். 67 வயதைத் தாண்டிய ஒருவர் வீட்டில் இருந்தால் பணிப்பெண்ணுக்கான மாதத் தீர்வை 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளி. பணிப்பெண்ணின் சம்பளம், உணவு, காப்புறுதி, தீர்வை எல்லாம் சேர்ந்து மாதம் ஆயிரம் வெள்ளி ஆகிறது என்றும், மானியம் 600 வெள்ளி கிடைக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், மிஞ்சுவது 400 வெள்ளி. அது ஜோகூர் கணக்கைவிடக் குறைவு.

பணம் மட்டுமே கணக்கு இல்லை என்பதும் உண்மை. இரவில் நான்கு முறை எழுந்து நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும் மனைவியின் முதுகுவலிக்கு எந்த மானியமும் ஈடாகாது. வீட்டுப் பராமரிப்பு முடியாத கட்டம் வரும். அப்போது இல்லத்தை நாடுவது கைவிடுவது ஆகாது. 'முதியோர் இல்லம்' என்ற பழைய சொல் நம்மில் பலருக்கு ஆதரவற்றோர் படம் ஒன்றை மனத்தில் எழுப்புகிறது. இந்தக் கையேட்டில் 'தாதிமை இல்லம்' என்று எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே நடப்பது தாதியர் செய்யும் வேலை.

ரசீதில் வராத செலவுகள்

ஜோகூர் இல்லத்தின் மாத ரசீதில் சில செலவுகள் இருக்காது.

முதலாவது, தங்கும் அனுமதி. சிங்கப்பூர் கடப்பிதழுடன் மலேசியாவுக்குள் செல்பவருக்கு வழக்கமாகக் கிடைப்பது 30 நாள் வருகை அனுமதி. இல்லத்தில் நிரந்தரமாகத் தங்குபவருக்கு அது போதாது. நீண்டகால அனுமதிக்கு யார் விண்ணப்பிப்பார், எவ்வளவு செலவாகும், கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதை இல்லத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்' என்ற பதிலை ஏற்க வேண்டாம். அனுமதிக் காலம் தாண்டித் தங்கியது பிடிபட்டால் சிக்கலில் மாட்டுவது கடப்பிதழுக்கு உரியவர். கடப்பிதழ் காலாவதியாகும் நாளையும் பார்த்து வையுங்கள்.

அடுத்தது, திடீர் நோய். நள்ளிரவில் காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தால் இல்லம் அருகிலுள்ள மருத்துவமனைக்குத்தான் கொண்டு செல்லும். மலேசிய அரசாங்க மருத்துவமனைகளில் அந்நாட்டு மக்கள் செலுத்தும் ஒரு ரிங்கிட், ஐந்து ரிங்கிட் கட்டணம் வெளிநாட்டவருக்கு இல்லை. அவர்களுக்குத் தனிக் கட்டணப் பட்டியல் உண்டு. தனியார் மருத்துவமனை என்றால் முன்பணம் கேட்கலாம். சிங்கப்பூருக்கு ஆம்புலன்ஸில் அழைத்து வந்தால் அந்தச் செலவும் உங்களுடையதே. இங்கே வந்து சேர்ந்தபின், குடியுரிமை பெற்றவர் என்ற முறையில் அரசாங்க மருத்துவமனையில் உங்களுக்குரிய மானியம் வழக்கம்போல் கிடைக்கும். வந்து சேரும்வரை ஆகும் செலவுக்காக ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி வைக்க முடியாத குடும்பம், ஜோகூர் முடிவை மறுபடி யோசிப்பது நல்லது என்பது எங்கள் கருத்து.

மருந்துகளும் அப்படியே. இரத்த அழுத்தம், நீரிழிவுக்கு இங்கே கழிவு விலையில் வாங்கிய மாத்திரைகளை யார் வாங்கி எடுத்துச் செல்வார்? மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லும் தவணைக்கு நோயாளியை யார் அழைத்து வருவார்? வலுவான வலி நிவாரணி, தூக்க மாத்திரை போன்றவற்றை எல்லை தாண்டி எடுத்துச் செல்லக் கூடுதல் விதிகள் உண்டு. மருந்தாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

பிறகு, வந்து பார்ப்பது. முதல் மாதம் வாரந்தோறும் வருவார்கள். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வாரயிறுதியிலும் கடற்பாலத்தில் மூன்று மணி நேரம் நின்றபின், அது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆகும். பிள்ளைகளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையிலான ரயில் சேவையில் பயணம் சுமார் ஐந்து நிமிடம்தான் எனத் திட்டமிடப்பட்டது. ஆனாலும் புக்கிட் சாகாரிலிருந்து இல்லத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே. தீபாவளியன்றும் பொங்கலன்றும் உங்களை வீட்டுக்கு அழைத்து வர முடியுமா, காரில் உட்கார்ந்து வரும் நிலையில் இருப்பீர்களா என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பேசத் தயங்கும் ஒன்று. மரணம் அங்கே நேர்ந்தால் மலேசியாவில் பதிவு செய்ய வேண்டும். உடலைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவர அனுமதி வாங்க வேண்டும். அதற்கான ஏற்பாட்டுச் செலவும் உண்டு. இறுதிச் சடங்கு எங்கே நடக்க வேண்டும் என்று உங்களுக்கு விருப்பம் இருந்தால், அதை இன்றே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் அவர்கள் ஊகிக்க வேண்டிய நிலை வரக்கூடாது.

இல்லத்தை நேரில் பார்க்கப் போனால்

மலேசியாவில் மூத்தோரைத் தங்கவைக்கும் இடங்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு நிலையச் சட்டத்தின்கீழ் சமூக நல இலாகாவில் பதிவு பெற்றவை ஒரு வகை. 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரச் சட்டத்தின்கீழ் சுகாதார அமைச்சின் உரிமம் பெற்ற தாதிமை இல்லங்கள் இன்னொரு வகை. ஓரளவு தாமாகவே நடமாடும் ஒருவருக்கு முதல் வகை போதும். மூக்கில் குழாய் வழியாக உணவு பெறுபவர், படுக்கைப் புண் உள்ளவர், அடிக்கடி சளி உறிஞ்ச வேண்டியவர் ஆகியோருக்குத் தாதியர் இருக்கும் இடம் வேண்டும். விலை குறைந்த இல்லமும் விலை கூடிய இல்லமும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன. உரிமச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அது எந்தச் சட்டத்தின்கீழ், எந்தத் தேதி வரை என்று பாருங்கள்.

மாலை ஏழு மணிக்குமேல் ஒருமுறை போய்ப் பாருங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர் என்பது பகலில் தெரியாது. தமிழ் பேசுபவர் யாராவது இருக்கிறாரா, சைவ உணவு கேட்டால் தனியாகச் சமைப்பார்களா, அதற்குத் தனிக் கட்டணமா என்றும் கேளுங்கள். நினைவிழப்பு முற்றிய பலர் பிற்காலத்தில் கற்ற மொழிகளை மறந்து தாய்மொழிக்கே திரும்பிவிடுகிறார்கள். 'தண்ணி வேணும்' என்று சொன்னால் புரிந்துகொள்ள ஆள் இருப்பது சிறிய விஷயம் அல்ல.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

நீங்கள் தெளிவாகப் பேசவும் முடிவெடுக்கவும் முடிகிற நிலையில் இருந்தால், உங்களைக் கேட்காமல் இந்த முடிவு எடுக்கப்படக் கூடாது. பின்னாளில் அந்த ஆற்றல் குறைந்தால் உங்கள் சார்பில் யார் முடிவெடுக்க வேண்டும் என்பதை நீடித்த அதிகாரப் பத்திரம் ஒன்றில் இப்போதே எழுதி வைக்கலாம். ஆனால் சிங்கப்பூரில் பதிவான பத்திரத்தை மலேசிய வங்கியோ மருத்துவமனையோ அப்படியே ஏற்கும் என்று எண்ணிவிட வேண்டாம். அங்கு செல்லும் எண்ணம் இருந்தால் வழக்கறிஞரிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்கள்.

எந்தப் பக்கம் முடிவெடுப்பதானாலும், முதலில் இங்கே இரண்டு காரியங்களை முடித்துவிடுங்கள். ஒன்று, வருமான மதிப்பீடு. உங்கள் குடும்பத்துக்கு எத்தனை விழுக்காடு மானியம் என்பது தெரியாமல் ஜோகூரின் விலை மலிவா இல்லையா என்று சொல்லவே முடியாது. மற்றொன்று, உடற்குறை மதிப்பீடு. இங்கே இல்லத்தில் இடம் கிடைக்கச் சில வாரங்களோ அதற்கு மேலோ காத்திருக்க நேரலாம் என்பதும், ஜோகூரில் பெரும்பாலும் சீக்கிரம் இடம் கிடைக்கிறது என்பதும் உண்மை. அவசரம் என்றால் காத்திருக்கும் காலத்துக்கு மட்டும் குறுகிய காலப் பராமரிப்பை இங்கேயே ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். மருத்துவமனையில் இருப்பவர் வீடு திரும்புமுன் மருத்துவச் சமூக ஊழியரிடம் பேசினால், விண்ணப்பத்தை அவரே தொடங்கி வைப்பார்.

வீட்டில் இருப்பவர்கள் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800 650 6060 என்ற எண்ணில் அழைக்கலாம். தமிழில் பேச விரும்புவதாகச் சொல்லுங்கள். அழைக்கும்போது உங்கள் அடையாள அட்டை, வீட்டில் உடன் வசிப்பவர்களின் பெயர், அவர்களின் வருமான விவரம் ஆகியவை கையில் இருந்தால் நல்லது. எல்டர்ஷீல்டு இருக்கிறதா என்று உங்களுக்கு நினைவில்லாவிட்டால் அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.